கவாய் முட்டிக்கு 15 கோடி டாலர் தகுமா?

அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏல, கிளிப்பர்ஸ் டீமுக்காக கவாய் லெனார்ட் 2024-25 சீசன்ல ஆடினது 82க்கு 37 மேட்ச், மூணு வருஷத்துக்கு சுமார் 15 கோடி டாலர்னு போட்ட காண்ட்ராக்ட்ல அந்த வருஷ சம்பளம் சுமார் 4.92 கோடி டாலர். வகுத்துப் பாத்தா மேட்சுக்கு 13 லட்சம் டாலருக்கு மேல வருது, நம்ம காசுல கிட்டத்தட்ட 11 கோடி ரூபா. பெரம்பூர் பக்கம் காலைல ஆடிட்டு டீக்கடைல நிக்கிற கும்பல்ல இந்தக் கணக்கை யாராவது ஒருத்தன் போன்ல தட்டிக் காட்டுவான், உடனே இன்னொருத்தன் "இன்னாடா இது, உக்காந்து சாப்பிடறதுக்கு சம்பளமா"ன்னு எகிறுவான், அதோட அன்னிக்கு பொழுது போச்சு. என்பிஏ மேட்சுங்க நம்ம டைமுக்கு விடிகாலைல ஆரம்பிச்சு பத்து மணி வரைக்கும் ஓடறதால லைவ் பாத்துகிட்டே சண்டை போட வசதி வேற.

அந்த வகுத்தல்லயே கோளாறு இருக்கு. மேட்ச் எண்ணிக்கையால வகுத்தா எல்லா மேட்சுக்கும் ஒரே விலைன்னு ஆயிடுது, நவம்பர் மாசம் ஒரு டப்பா டீமோட ஆடற மேட்சும் ஜூன் மாசம் ஃபைனல்ஸ் மேட்சும் எப்படிங்க ஒண்ணாகும். அதை விட பெரிய கோளாறு, "எப்பவும் அடிபடறவன்"னு பொத்தாம்பொதுவா முத்திரை குத்திடறோம், ஆனா உடம்புக்குள்ள எது உடைஞ்சதுங்கறதைப் பொறுத்து கதையே வேற. எலும்பு உடைஞ்சவனும் 40 மேட்ச் போயிருப்பான், குருத்தெலும்பு தேஞ்சவனும் 40 மேட்ச் போயிருப்பான், ஸ்கோர் ஷீட்ல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், ஆனா ஒருத்தன் முழுசா திரும்பி வருவான், இன்னொருத்தன் வரவே மாட்டான். என் கட்சி என்னன்னா, சம்பளம் எவ்ளோங்கறதை அப்புறம் பேசலாம், எந்த திசு போச்சு, காண்ட்ராக்ட் எத்தனை வருஷம், இந்த ரெண்டையும் மொதல்ல கேளுங்க.

எலும்புலேர்ந்து வரேன், ஏன்னா அதுதான் இருக்கறதுலயே நல்ல செய்தி. எலும்புக்கு ரத்த ஓட்டம் உண்டு. பழைய எலும்பைக் கரைக்கறதுக்கு ஒரு வகை செல், புதுசு கட்டறதுக்கு ஒரு வகை செல்னு உள்ள ஓயாம வேலை நடந்துகிட்டே இருக்கும். குதிச்சு இறங்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், ரெஸ்ட் கிடைச்சா அடைச்சுடும், அடைக்கிற வேகத்தை விட விழற வேகம் ஜாஸ்தியானா கீறலெல்லாம் சேர்ந்து ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்னு ஆயிடும். அதுக்கு மருந்து பெரும்பாலும் நேரம்தான், இல்லன்னா எலும்பு உக்காந்திருக்கற கோணத்தை சரி பண்ணணும்.

கிராண்ட் ஹில் கதை இதுக்குன்னே எழுதி வெச்ச மாதிரி இருக்கும். 2000ல ஆர்லாண்டோ மேஜிக் டீம் அவருக்கு 7 வருஷ காண்ட்ராக்ட் குடுத்துச்சு, சுமார் 9.3 கோடி டாலர், அந்தக் காலத்துக்கு ராட்சச காசு. வரும்போதே இடது கணுக்கால் உடைஞ்சு ஆபரேஷன் ஆன ஆளு. மொத சீசன் 4 மேட்ச், அடுத்தது 14, அதுக்கடுத்தது 29, ஆக மூணு வருஷத்துல 47. நாலாவது வருஷம் ஒரு மேட்ச் கூட இல்ல. 2003ல டாக்டருங்க அந்த கணுக்காலை வேணும்னே திரும்ப உடைச்சு, குதிகாலோட நேர்கோட்டுல வர மாதிரி ஒக்கார வெச்சாங்க, அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் இன்ஃபெக்‌ஷன் ஆகி மனுஷன் உயிருக்கே ஆபத்தாயிடுச்சு. எல்லாரும் ஆளு முடிஞ்சான்னு எழுதிட்டாங்க. 2004-05 சீசன்ல 67 மேட்ச் ஆடினாரு, அதுக்கப்புறம் ஃபீனிக்ஸ் சன்ஸ்க்கு போயி 2008-09ல, 36 வயசுல, 82க்கு 82 மேட்ச் ஆடினாரு. இளவட்டப் பசங்களே செய்யாத வேலை. உடைஞ்சது எலும்பு, கோளாறு கோணத்துல, கோணம் சரியானதும் பிரச்சனை ஓய்ஞ்சுது. ஆனா அதோட பலனை அனுபவிச்சது சன்ஸ், காசு கட்டினது மேஜிக், அதுதான் வேடிக்கை.

எலும்புலயும் விதிவிலக்கு உண்டு. பாதத்துக்கு நடுவுல நேவிக்குலர்னு ஒரு சின்ன எலும்பு, அதோட நடுப்பகுதிக்கு ரத்தம் சரியா போறதில்ல, ஆனா குதிக்கும்போது பாரம் பூரா அதுமேலதான் வந்து நசுக்கும். யாவ் மிங் ஏழரை அடி ஆளு, 2010-11ல அஞ்சே மேட்ச் ஆடிட்டு 2011 ஜூலைல ரிட்டயர் ஆனதுக்கு பாதம், கணுக்கால்தான் காரணம். பில் வால்டனும் பாதத்தால பல வருஷம் தொலைச்சாரு, ஆனா 1985-86ல பாஸ்டன் செல்டிக்ஸ்ல பெஞ்ச்லேர்ந்து இறங்கி 80 மேட்ச் ஆடி கப்பும் அடிச்சாரு. நிமிஷத்தைக் குறைச்சு, ரோலை மாத்தி, சம்பளத்தையும் அதுக்கு ஏத்தாப்ல வெச்சா அடிபட்ட ஆளும் தங்கம்தான்.

அடுத்தது லிகமென்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் கட்டி வெக்கிற ஜவ்வு. எங்க கிரவுண்டுல கால் பெரண்டா மொதல்ல எண்ணெய் போட்டு நீவ ஆள் தேடுவாங்க, அப்புறம் புத்தூர் கட்டு, அதுக்கும் அடங்கலன்னாதான் எம்ஆர்ஐ எடுக்கவே போவாங்க, அங்க போய் "ஜவ்வு கிழிஞ்சிருக்கு"ன்னு சொன்னதும் மூஞ்சி தொங்கிடும். பெரும்பாலும் அது ஏசிஎல், முட்டிக்குள்ள குறுக்கால ஓடற லிகமென்ட். முழுசா கிழிஞ்சா தானா ஒட்டறது கஷ்டம், ஏன்னா மூட்டுக்குள்ள இருக்கற திரவம் அந்த இடத்துல ரத்தம் கட்டி நிக்கவே விடாது, கட்டி நின்னாதானே அதுமேல புது திசு வளரும். அதனால முட்டிச்சில்லுக்கு கீழ இருக்கற டெண்டனையோ, அதாவது நாணையோ, தொடைக்குப் பின்னாடி இருக்கறதையோ கொஞ்சம் வெட்டி எடுத்து அங்க வெச்சுத் தைப்பாங்க. வெச்ச உடனே அது லிகமென்ட் ஆயிடாது. மொதல்ல உள்ள இருக்கற செல்லெல்லாம் செத்து பலவீனமாகும், அப்புறம் புது ரத்தக்குழாய் வந்து, புது செல் வந்து, மெல்ல மெல்ல லிகமென்ட் குணத்துக்கு மாறும், இதுக்கு ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகலாம். வலி போறது அதுக்கு ரொம்ப முன்னாடி, அங்கதான் ஏமாத்தமே. டெலவேர்லயும் ஆஸ்லோலயும் ஆபரேஷன் ஆனவங்களை பின்தொடர்ந்து பண்ணின ஆராய்ச்சி ஒண்ணு 2016ல வந்துச்சு. ஒன்பது மாசம் வரைக்கும் திரும்ப ஆடறதை ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடும்போதும் மறுபடி முட்டில அடிபடற வாய்ப்பு பாதியாயிட்டே போச்சுன்னு அதுல கண்டாங்க. பாதி, அப்புறம் அதுல பாதி. எங்க ஏரியா பையன் நாலாவது மாசமே ஷூ மாட்டிகிட்டு வந்து நிக்கிறான், அவன்கிட்ட இதை எத்தனை தடவை சொன்னாலும் "நைனா, எனக்கு வலியே இல்ல"ன்றான்.

கவாய்க்கு 2021 ஜூன்ல வலது முட்டில அந்த ஏசிஎல் பகுதியா கிழிஞ்சுது, யூட்டா ஜாஸோட பிளேஆஃப் நாலாவது மேட்ச். 2021-22 சீசன் முழுசா காலி. கிளிப்பர்ஸ் அவசரப்படலை, அதுக்காக அவங்களைப் பாராட்டணும். திரும்பி வந்து 52 மேட்ச் ஆடினாரு, 2023 பிளேஆஃப்ல ரெண்டே மேட்ச்ல அதே முட்டில மெனிஸ்கஸ் கிழிஞ்சுது.

இந்த மெனிஸ்கஸ்தான் எனக்கு பயம். தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவுல அரைவட்டமா ரெண்டு மெத்தை இருக்கும், ஓரத்துக்கு மட்டும்தான் ரத்தம் போகும், உள்பக்கம் போக போக சுத்தமா கிடையாது. ஓரத்துல கிழிஞ்சா தைக்கலாம், மாசக்கணக்குல ஆகும் ஆனா மெத்தை மிஞ்சும். உள்ள கிழிஞ்சா பல சமயம் அந்தத் துண்டை வெட்டிப் போட்டுடுவாங்க, பையன் சில வாரத்துலயே கிரவுண்டுக்கு வந்துடுவான், ஆனா அன்னிலேர்ந்து அந்த இடத்துல எலும்பு மேல இருக்கற குருத்தெலும்பு நேரடியா அடி வாங்கும். குருத்தெலும்புக்கும் ரத்த ஓட்டம் இல்ல. தேஞ்சா தேஞ்சதுதான். பிராண்டன் ராய் போர்ட்லண்ட்ல 2009ல மேக்ஸ் காண்ட்ராக்ட், அதாவது லீக் விதிப்படி குடுக்கக்கூடிய உச்ச சம்பளம், வாங்கினாரு, ரெண்டு முட்டிலயும் குருத்தெலும்பு கிட்டத்தட்ட மிஞ்சலைங்கற நிலைமை வந்து 2011 டிசம்பர்ல ரிட்டயர்மென்ட், அப்போ வயசு 27. அடுத்த வருஷம் மினசோட்டால மறுபடி முயற்சி பண்ணி அஞ்சு மேட்ச்தான் தாங்குச்சு. கிராண்ட் ஹில்லையும் ராயையும் ஒரே தராசுல வெச்சு "ரெண்டு பேரும் அடிபடற பார்ட்டி"ன்னு பேசறது எவ்ளோ அபத்தம்னு இப்ப புரியுதா.

இப்ப டெண்டன், அதாவது தசையை எலும்போட கட்டி வெக்கிற நாண். இதுலதான் எனக்கு ரொம்ப புடிச்ச ஒரு ஆராய்ச்சி இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க. 1950கள் நடுவுலேர்ந்து 1963 வரைக்கும் அமெரிக்கா, ரஷ்யா எல்லாம் திறந்த வானத்துல அணுகுண்டு வெடிச்சுப் பாத்தாங்க. அதால காத்துல கார்பன்-14 அளவு ஏறக்குறைய ரெண்டு மடங்காச்சு. 1963ல ஒப்பந்தம் போட்டு நிறுத்தினப்புறம் அது வருஷா வருஷம் இறங்க ஆரம்பிச்சுது. செடி அந்தக் காத்தை இழுக்கும், செடியை நாம திம்போம், நாம திங்கறது உடம்பாகும். எந்த வருஷம் காத்துல எவ்ளோ கார்பன்-14 இருந்துச்சுன்னு அளவு இருக்கறதால, உடம்புல ஒரு துண்டு திசுவை எடுத்து அளந்தா அது எந்தக் காலத்துல உருவானதுன்னு கண்டுபிடிச்சுடலாம். டென்மார்க்ல கோபன்ஹேகன் விஞ்ஞானிகள் இறந்தவங்களோட அக்கிலிஸ் டெண்டனை, அதான் குதிகாலுக்கு மேல கயிறு மாதிரி தட்டுப்படுமே அதை, எடுத்து இப்படி அளந்து 2013ல வெளியிட்டாங்க. டெண்டனோட நடுப்பகுதி அவங்களுக்கு சுமார் 17 வயசு ஆகறதுக்குள்ள உருவானது, அதுக்கப்புறம் கிட்டத்தட்ட புதுப்பிக்கப்படவே இல்லன்னு தெரிஞ்சுது. அதே ஆளுங்களோட தசையை அளந்தா அது அப்பப்ப புதுசாகிட்டே வந்திருக்கு.

அப்போ 35 வயசு பிளேயர் குதிக்கிறது அவன் பத்தாவது பன்னண்டாவது படிக்கும்போது உடம்பு கட்டின டெண்டனை வெச்சு. ஓடும்போது அந்த அக்கிலிஸ் மேல உடம்பு எடையைப் போல ஆறேழு மடங்கு இழுவை விழுது, 100 கிலோ ஆளுன்னா 600, 700 கிலோ. காசிமேட்டுல படகு கட்டற பழைய கயிறைப் புடிச்சுப் பாத்திருக்கீங்களா, வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், முறுக்கைப் பிரிச்சுப் பாத்தா உள் இழை நாலஞ்சு நைஞ்சு போயிருக்கும், ஆனா மிச்ச இழைங்க தாங்கறதால படகு நிக்கும், ஒரு நாள் சாதாரண அலைக்கே பட்டுன்னு போயிடும். அக்கிலிஸ் அறுந்த பல பேரோட டெண்டனை டாக்டருங்க பாத்தப்ப அறுந்ததுக்கு முன்னாடியே உள்ள சிதைவு இருந்திருக்கு, ஆனா அதுல நிறைய பேருக்கு அது வரைக்கும் வலியே இருந்ததில்ல. அறுந்த வீடியோவைப் பாருங்க, யாரும் இடிச்சிருக்க மாட்டான், சும்மா பின்னாடி கால் வெச்சு கெளம்புவான், அடுத்த செகண்டு யாரோ பின்னால உதைச்சாப்ல திரும்பிப் பாப்பான்.

அதுக்காக டெண்டனுக்கு வைத்தியமே இல்லன்னு இல்ல. பாரமான எடையை மெதுவா தூக்கி இறக்கற பயிற்சில அது கெட்டிப்படும், நைஞ்ச இடத்தை சுத்தி இருக்கற நல்ல இழைங்க பொறுப்பேத்துக்கும். ஆனா தசை பலம் ஏர்ற வேகத்துக்கு டெண்டன் ஈடு குடுக்காது. ரெண்டு மாசம் ஜிம்முல வெறித்தனமா செஞ்சவன் தசை குதிரை ஆயிடும், நாண் அப்படியே பின்தங்கி நிக்கும், அந்த இடைவெளிலதான் திரும்பி வர வேகத்துல மறுபடி அடிபடறான். முன்னாடி அடிபட்டதுதான் இனிமே அடிபடறதுக்கு இருக்கற பெரிய அறிகுறின்னு விளையாட்டு மருத்துவத்துல திரும்பத் திரும்ப வர முடிவுக்கு இதுவும் ஒரு காரணம்.

கோபி பிரயன்ட் 2013 ஏப்ரல்ல 34 வயசுல அக்கிலிஸ் அறுத்துகிட்டாரு. அந்த நவம்பர்ல, இன்னும் ஒரு மேட்ச் கூட திரும்ப ஆடறதுக்கு முன்னாடியே, லேக்கர்ஸ் ரெண்டு வருஷத்துக்கு 4.85 கோடி டாலர் எழுதிக் குடுத்துச்சு. டிசம்பர்ல இறங்கினாரு, சுமார் எட்டு மாசம், ஆறாவது மேட்ச்ல முட்டி எலும்புல ஃப்ராக்சர். புது காண்ட்ராக்ட்டோட மொத வருஷம் 35 மேட்ச், தோள்பட்டை போச்சு. கெவின் டுராண்டுக்கு 2019 ஜூன் ஃபைனல்ஸ்ல அறுந்துச்சு, 30 வயசு, புரூக்ளின் தெரிஞ்சே நாலு வருஷம் 16.4 கோடி டாலருக்கு எடுத்துச்சு, ஒரு முழு சீசனை வெறுமனே உக்கார வெச்சு சம்பளம் குடுத்துச்சு, ஒன்றரை வருஷம் கழிச்சுதான் இறங்கினாரு. வந்த சீசன் மேட்சுக்கு 26.9 பாயின்ட், அதுக்கடுத்தது 29.9. ரெண்டு பேரை வெச்சு விஞ்ஞானம் நிரூபிக்க முடியாதுதான், வயசும் வேற ஆட்ட ஸ்டைலும் வேற. டுராண்ட் ஏழடி ஆளு, எவன் தலைக்கு மேலயும் கை நீட்டிப் போடுவாரு, குதிகால் வேகம் கொஞ்சம் குறைஞ்சாலும் உயரம் குறையாது. முன்னாடி தாண்டி ஓடறதையே நம்பி பொழைக்கிற கார்டு பொசிஷன் ஆளுக்கு இதே அடி பட்டா அவ்ளோ சுலபமா சொல்ல முடியாது. காண்ட்ராக்ட் பேசறவங்க கவனிக்க வேண்டியது, அடிபட்ட உறுப்பு அவனோட ஆட்டத்துக்கு எவ்ளோ முக்கியம்ங்கறது.

சரி, உடம்பு போதும், கணக்குக்கு வருவோம். ஒரு பிளேயரோட மதிப்பை அளக்க "ரிப்ளேஸ்மென்ட் லெவல்"னு ஒரு அடித்தளம் வெச்சிருக்காங்க, அதாவது அவன் இல்லன்னா குறைஞ்சபட்ச சம்பளத்துல யாரையாவது கூட்டிட்டு வந்து நிறுத்தினா எப்படியிருக்கும்ங்கற அளவு. சராசரி பிளேயரை பூஜ்யம்னு வெச்சா அந்த ஆள் 100 பொசெஷனுக்கு (பந்து ஒரு டீம் கையில வந்து போற ஒவ்வொரு சுத்தும் ஒரு பொசெஷன்) மைனஸ் 2 பாயின்ட். உச்ச ஃபார்ம்ல இருக்கற ஒரு ஸ்டாரை ப்ளஸ் 6னு வெப்போம், ஆக வித்தியாசம் 8. அவன் 48 நிமிஷத்துல 34 நிமிஷம் ஆடறான், ஒரு மேட்ச்ல சுமார் 100 பொசெஷன், அப்போ மேட்சுக்கு 5.7 பாயின்ட் டீமுக்கு லாபம். சீசன் முழுக்க மேட்சுக்கு ஒரு பாயின்ட் கூடுதலா இருந்தா 82 மேட்ச்ல சுமார் 2.7 வெற்றி கூடும்ங்கறது பழைய அனுபவக் கணக்கு. பெருக்கினா 15 வெற்றி. இப்ப பக்கத்துல ஒரு நல்ல பிளேயரை நிறுத்துங்க, ப்ளஸ் 2, இரும்பு உடம்பு, ஒரு மேட்ச் கூட மிஸ் பண்ண மாட்டான். அவனுக்கு வித்தியாசம் 4தான், அதே நிமிஷம் ஆடினா ஏழரை வெற்றி. ஆக அந்த ஸ்டார் 41 மேட்ச் ஆடினாலே இவன் 82 ஆடினதுக்கு சமம். 60 ஆடினா இவனை விட மூணரை வெற்றி ஒசத்தி. கால்பந்துல 11 பேரு, இங்க அஞ்சே பேரு, அதான் ஒருத்தனோட பாதிப்பு இவ்ளோ பெருசா இருக்கு, அதான் டீமுங்க உடைஞ்ச ஸ்டாரை விட்டுத்தர மனசில்லாம இழுத்துப் புடிச்சுக்கிறாங்க.

டொரன்டோ செஞ்சது இந்தக் கணக்குதான். 2017-18ல கவாய் தொடை டெண்டன் கோளாறால சான் அன்டோனியோக்கு ஒன்பதே மேட்ச் ஆடினாரு. டொரன்டோ அவரை ட்ரேட்ல, அதாவது ஆளுக்கு ஆள் மாத்திகிட்டு, எடுத்துச்சு, கையில மிச்சம் இருந்தது ஒரே வருஷ காண்ட்ராக்ட்டுன்னு தெரிஞ்சே எடுத்துச்சு. ரெகுலர் சீசன்ல 60 மேட்ச் மட்டும் ஆட விட்டு, அடுத்தடுத்த நாள் மேட்ச் வந்தா ஒண்ணுல உக்கார வெச்சு, பிளேஆஃப்ல 24 மேட்சும் ஆட வெச்சாங்க, மேட்சுக்கு 30.5 பாயின்ட், 2019 கப்பு, ஃபைனல்ஸ் எம்விபி (சிறந்த பிளேயர் விருது). அப்புறம் ஆளு கெளம்பிட்டாரு, போகட்டுமே. ஒரு வருஷம், உச்ச விலை, ஆபத்து பூரா அந்த ஒரே வருஷத்துல முடிஞ்சுது. எனக்குத் தெரிஞ்சு அடிபட்ட ஸ்டாரை வாங்கினதுல இதை விட நல்ல வியாபாரம் நடக்கல.

கிளிப்பர்ஸ் கதை நீளம். 2019-20லேர்ந்து 2024-25 வரைக்கும் ஆறு சீசன்ல கவாய் 57, 52, 0, 52, 68, 37, மொத்தம் 266 மேட்ச். டீம் ஆடினது 472. அதாவது 56 சதவீதம். மேல போட்ட கணக்குப்படி பாதிக்கு மேல ஆடியிருக்காரு, அப்போ பாஸ் மார்க்குன்னு வாதாடலாம், எங்க குரூப்ல நான்தான் அந்த வாதத்தை வெக்கிற ஆளு. ஆனா கப்பு அடிக்க வந்த டீமுக்கு ரெகுலர் சீசன் வெற்றியை வெச்சு என்ன பண்றது. ஏப்ரல், மே, ஜூன்ல கால் நிக்குமாங்கறதுதான் கேள்வி. 2021லயும் பாதில போனாரு, 2023ல ரெண்டு மேட்ச், 2024ல ரெண்டு மேட்ச், 2025ல டென்வரோட ஏழு மேட்சும் ஆடி தோத்தாங்க. இதுல இன்னொரு நுணுக்கம், ஒரு ஸ்டார் பிளேஆஃப்ல ஃபிட்டா இருக்க 70 சதவீதம் வாய்ப்புன்னு வெச்சுக்குங்க, அதே மாதிரி இன்னொரு ஸ்டார் சேர்த்தா ரெண்டு பேரும் ஒண்ணா ஃபிட்டா இருக்கற வாய்ப்பு 49தான், மூணாவது ஆளையும் சேர்த்தா 34. கிளிப்பர்ஸ் கவாயோட பால் ஜார்ஜையும் கூட்டிட்டு வந்தாங்க, அவரும் அடிக்கடி உக்கார்ற ஆளுதான். ஓட்டைக் காலு ரெண்டை ஜோடி சேர்த்துட்டு அதிர்ஷ்டம் இல்லன்னு புலம்பினா எப்படி.

காசு விஷயத்துல பலரும் கவனிக்காத ஒண்ணு சாலரி கேப். ஓனர் பணக்காரன், கிளிப்பர்ஸ் ஓனர் ஸ்டீவ் பால்மர் உலகத்து பெரும்பணக்காரருல ஒருத்தர், 5 கோடி டாலர் அவருக்கு ஒரு காசா. ஆனா லீக்ல ஒவ்வொரு டீமுக்கும் வரம்பு இருக்கு, 2024-25ல 14.06 கோடி டாலர். பத்து வருஷ சர்வீஸ் ஆன பிளேயருக்கு அதுல 35 சதவீதம் வரைக்கும் குடுக்கலாம், கவாயோட 4.92 கோடி மிகச்சரியா அந்த 35தான். அவன் ஆடினாலும் உக்காந்தாலும் அந்த இடம் அடைஞ்சு போச்சு, வேற ஆளைக் கொண்டாந்து நிறுத்த இடமில்ல. இன்ஷூரன்ஸ் உண்டு, தொடர்ந்து 41 மேட்ச் மிஸ் ஆனா அதுக்கு மேல ஒவ்வொரு மேட்சுக்கும் 80 சதவீத சம்பளத்தை கம்பெனி கட்டும், பழைய அடின்னு தெரிஞ்ச உறுப்பை அது ஏத்துக்காம ஒதுக்கவும் செய்யும். அந்தக் காசும் ஓனர் பாக்கெட்டுக்குத்தான் திரும்பும், கேப்ல ஒரு டாலர் இடம் கூட திரும்பாது. அதுவும் ரெண்டு மேட்ச் ஆடி மூணு மேட்ச் உக்கார்ற ஆளுக்கு தொடர்ந்து 41ங்கறது வரவே வராது. டீமுக்கு ரொம்ப வலிக்கிறது இந்த மாதிரி விட்டு விட்டு வர அடிதான், முழு சீசன் போனாலாவது திட்டம் போடலாம்.

நம்ம பக்கம் இது தலைகீழ். இங்க நல்லா பாஸ்கெட்பால் ஆடற பையனுக்கு காண்ட்ராக்ட்டுன்னா ஐசிஎஃப்லயோ ரயில்வேலயோ பேங்க்லயோ ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. எங்க கூட காலைல வர ஒரு அண்ணன் அப்படி வேலைக்குப் போனவரு, முட்டி போயி டீம்லேர்ந்து விலகி பல வருஷமாச்சு, இன்னும் ஷார்ட்ஸுக்கு கீழ ரெண்டு முட்டிலயும் கருப்பு கேப் மாட்டிகிட்டு ஃப்ரீ த்ரோ மட்டும் போடுவாரு, போர்டு பக்கமே போகாம சுத்தமா வலைக்குள்ள இறங்கும். கவாய் சம்பளத்தைப் பத்தி நாங்க கத்தினப்ப "டேய் தம்பி, நான் ஆடினது கொஞ்ச வருஷம், ரிட்டயர்மென்ட் வரைக்கும் சம்பளம், அப்போ நான் மட்டும் இன்னா ஏமாத்துக்காரனா"ன்னு ஒரு கேள்வி கேட்டாரு. "அண்ணே, உங்களுக்கு சாலரி கேப் இல்லண்ணே"ன்னேன். சிரிச்சிட்டாரு. ஆனா உண்மைல வித்தியாசம் அங்கதான், ஆயிரக்கணக்கான பேரு வேலை செய்யற இடத்துல ஒருத்தன் முட்டி போனா பாரம் பரவிடும், வேலை செய்ய வேற சீட்டும் குடுக்கலாம். 15 பேரு டீம்ல ஒருத்தன் மூணுல ஒரு பங்கு காசை எடுத்துகிட்டு உக்காந்தா பரவறதுக்கு இடமே இல்ல.

அதனாலதான் வருஷ எண்ணிக்கையை நான் இவ்ளோ புடிச்சுத் தொங்கறேன். கேப் வருஷா வருஷம் ஏறுது, 2025-26ல 15.46 கோடி ஆயிடுச்சு, கவாயோட சம்பளம் 5 கோடில கிட்டத்தட்ட அப்படியே நிக்குது, ஆக பங்கு 35லேர்ந்து 32க்கு இறங்குது. 2024 ஜனவரில போட்ட அந்த நீட்டிப்பு மூணே வருஷம், மொத்தம் சுமார் 15 கோடி, வருஷா வருஷம் எட்டு சதவீதம் ஏத்திகிட்டே போற வழக்கமான ஏற்பாடும் இல்ல. முட்டி மெனிஸ்கஸ் போன, ஏசிஎல் தெச்ச, 32 வயசு ஆளுக்கு நாலாவது வருஷம்னு ஒண்ணு எழுதாம விட்டாங்க பாருங்க, அங்க கிளிப்பர்ஸ் ஆபீஸ்ல யாரோ எம்ஆர்ஐயைப் பாத்துட்டு பேனா புடிச்சிருக்காங்க. எனக்கு அந்த காண்ட்ராக்ட் தகும்.

எனக்கு ஒத்துக்காதது ஜோயல் எம்பீட் விஷயம். 2017ல அவருக்கு ஃபிலடெல்ஃபியா அஞ்சு வருஷம் சுமார் 14.8 கோடி டாலர் குடுத்தப்ப அவர் மூணு சீசன்ல ஆடியிருந்தது மொத்தம் 31 மேட்ச், ஊரே சிரிச்சுது. ஆனா அப்போ மொத ரெண்டு சீசனை முழுசா தின்ன பெரிய அடி நேவிக்குலர் எலும்புல, வயசு 23, காண்ட்ராக்ட்லயும் பழைய பாதம், முதுகு கோளாறால குறிப்பிட்ட அளவுக்கு மேல மேட்ச் போனா டீம் விலகிக்க வழி வெச்சிருந்தாங்க. எலும்பு கூடிச்சு, 2023ல எம்விபி. 2024 பிப்ரவரில இடது முட்டி மெனிஸ்கஸ்ல ஆபரேஷன், அதே வருஷம் செப்டம்பர்ல, இன்னும் ரெண்டு வருஷம் பழைய காண்ட்ராக்ட் பாக்கி இருக்கும்போதே, அது மேல இன்னும் மூணு வருஷம் சுமார் 19.3 கோடி டாலர், கடைசி வருஷம் வரும்போது அவருக்கு 34 முடிஞ்சு 35 நடக்கும். கையெழுத்து போட்ட அந்த சீசன்ல ஆடினது 19 மேட்ச், 2025 ஏப்ரல்ல அதே முட்டில மறுபடி ஆபரேஷன். எலும்புக்கு போட்ட பந்தயத்துல ஜெயிச்ச தைரியத்துல மெனிஸ்கஸ் மேலயும் அதே மாதிரி கட்டியிருக்காங்க, அதுவும் ஒரு நாள் அவசரமும் இல்லாம, காத்திருந்து பாக்க ரெண்டு முழு சீசன் கையில இருக்கும்போது.